மரகதப்புறாவின் பச்சை எங்கே போனது?

நான்காம் வகுப்புக்காகச் சில பறவைப் படங்களை வீட்டிலேயே அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தேன். நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டியதும், ஆனைமலை அடிவாரக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், இது மரகதப்புறா இல்லைங்க. அது றெக்கை பச்சையா மின்னுமுங்க" என்றாள்.

அந்தப் புறா காட்டோரத்தில் இரை பொறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். என் படத்திலோ இறக்கை பழுப்பாக இருந்தது. அதைவிடச் சங்கடம், பறவையைப் பார்த்தே இராத மற்ற பிள்ளைகள் அதற்குள் பழுப்பு கிரேயானைக் கையில் எடுத்திருந்தார்கள்.

கைபேசியில் நன்றாகத்தானே இருந்தது என்ற கேள்வியோடு வீடு திரும்பினேன்.

திரை ஒளியைத் தருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து எல்லா நிறங்களையும் காட்டுகிறது. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் மேல் படியும் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகள் அறையின் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட, மிஞ்சியதே நம் கண்ணுக்கு வருகிறது. சியானும் மஞ்சளும் சேர்ந்தால்தான் தாளில் பச்சை. ஆகவே திரை காட்டும் பளிச்சென்ற பச்சைகளில் சில தாளில் வரவே வராது. ஆனாலும் பச்சை பழுப்பாக மாற அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

முதலில் பிரிண்டரின் நாசில் செக் பக்கத்தை அச்சிட்டேன். சியான் கோடுகள் விட்டுவிட்டு வந்தன. கோடை விடுமுறை முழுக்க இயக்காமல் வைத்திருந்ததால் மை உலர்ந்து அடைத்திருந்தது. சியான் குறைந்தால் பச்சை எப்படி வரும்? ஹெட் கிளீனிங் இரண்டு முறை கொடுத்ததும் கோடுகள் நிரம்பின. இதைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டாம், மைதான் வீணாகும்.

அடுத்து, நம்மில் பலர் கவனிக்காத ஒன்று. பளபளப்பான போட்டோ பேப்பரை வைத்துவிட்டு, அமைப்பில் சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தேன். எவ்வளவு மை தெளிப்பது என்பதை பிரிண்டர் இந்தத் தெரிவை வைத்தே முடிவு செய்கிறது. தாளின் வகையைச் சரியாகக் குறித்ததும் பெரும்பகுதிக் குறை தீர்ந்தது.

படம் இன்னும் இருண்டே வந்தது. அதற்குக் குற்றவாளி என் திரை. முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தே படத்தைத் திருத்தியிருந்தேன். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, இரவுநேர மஞ்சள் ஒளியையும் நிறங்களைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' அமைப்பையும் நிறுத்திய பிறகு, படம் உண்மையில் எவ்வளவு இருட்டு என்று தெரிந்தது.

நிறத்தைக் கூட்டும் சேச்சுரேஷனையும் இழுத்துப் பார்த்தேன். தவறு. அச்சின் எல்லையைத் தாண்டிய பச்சைகள் எல்லாம் ஒரே பச்சையாக ஒட்டிக்கொண்டு, இறகின் வரிகள் மறைந்துபோயின.

ஐசிசி புரொபைல் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். 1993-இல் தொடங்கிய பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு வகுத்த முறை அது. ஒரு கருவியின் நிறங்களை இன்னொன்றுக்கு மொழிபெயர்க்கும் அகராதி போன்றது. தாள் நிறுவனம் உங்கள் பிரிண்டர் மாடலுக்கென்று அதைத் தந்திருந்தால், மென்பொருளில் அதைத் தெரிவு செய்து, பிரிண்டரின் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். தராவிட்டால் பிரிண்டரிடமே விட்டுவிடலாம். இருவரும் திருத்தினால் நிறம் கெடும்.

முழுத் தாளை வீணாக்காமல் சிறு துண்டில் சோதித்து, மை உலர்ந்த மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். டியூப் லைட்டின் கீழ் அதே துண்டு வேறு மாதிரி தெரிந்தது.

புதிய படத்தைப் பார்த்த மாணவி, "இப்பப் பரவாயில்லைங்க டீச்சர். ஆனா மின்னலைங்க" என்றாள்.

மின்னாதுதான். அந்தப் பச்சை சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கிறது. கோணம் மாறினால் நிறமும் மாறும். மையால் அதைச் செய்ய முடியாது. தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த மயிலிறகு ஒன்றை மறுநாள் ஒரு மாணவன் கொண்டுவந்தான். அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு அதையும் அதன் அச்சுப்படத்தையும் அருகருகே ஒட்டினோம்.