ஆஞ்சியோவில் தெரியாத குழாய்கள்

திண்டுக்கல்லிலிருந்து நெஞ்சுவலியோடு மதுரைக்குப் போய், ஆஞ்சியோ எடுத்து, ‘அடைப்பு இல்லை’ என்ற ரிப்போர்ட்டோடு திரும்புகிறவர்கள் உண்டு. வீட்டுக்கே நிம்மதி. அதன் பிறகு படி ஏறும்போது மூச்சு வாங்கினால் ‘கேஸ்’ என்று பேர் வைத்து, சீரகத் தண்ணீரோடு முடித்துவிடுவார்கள். பல வருடமாகச் சுகர் இருப்பவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, இது ஆபத்தான நிம்மதி. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

ஆஞ்சியோ காட்டுவது இதயத்தின் மேல் ஓடும் பெரிய தமனிகளை. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்கள் அதில் தெளிவாகத் தெரியாது. தசைக்குள் ரத்தத்தைப் பங்கிடுவதோ அவைதான். வேலை கூடும்போது அவை விரியாவிட்டால், பெரிய குழாய் திறந்திருந்தும் தசை பட்டினி கிடக்கும். சுகர் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கெடுப்பது இத்தகைய நுண்குழாய்களையே. கண்ணுக்கு லேசர் வைத்தவர் இதயத்தையும் சந்தேகிக்க வேண்டும். 1972-இலேயே ரூப்ளர் குழுவினர், பெரிய தமனிகளில் பெரிய அடைப்பில்லாமல் இதயம் தளர்ந்து இறந்த 4 சர்க்கரை நோயாளிகளின் பிரேதப் பரிசோதனையை வெளியிட்டார்கள்.

உயிரோடிருப்பவரின் இதயத் தசையை வாராவாரம் வெட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் ஆய்வகங்களில் எலியும், கொழுப்புத் தீனியில் உடல் பெருக்கும் ஒசபா தீவுப் பன்றியும். எம்ஆர்ஐ இருந்தால் ஒரே விலங்கைக் கொல்லாமல் மாதக்கணக்கில் பின்தொடரலாம். சுலபமான வேலை இல்லை: சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்கும், சுவரின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஆஸ்பத்திரி எம்ஆர்ஐயில் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தம். எலிக்குப் பெரும்பாலும் 7, 9.4 டெஸ்லா. அடினோசின் போன்ற மருந்தால் குழாய்களை விரியச் செய்து, காடோலினியம் என்ற எம்ஆர்ஐ சாய மருந்து தசையில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள விலங்குகளில், பம்பிங் குறையாதபோதே தேவைப்படும்போது ரத்தவோட்டத்தைக் கூட்டும் இந்தத் திறன், அதாவது ரத்தவோட்டக் கையிருப்பு, சரிவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே ‘எக்கோவில் பம்பிங் நார்மல்’ என்பதும் முழு விடை இல்லை.

எலியில் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிக்காது. சாதாரண எலிக்குத் தமனியில் கொழுப்பே படிவதில்லை. அதற்காக, ‘ஊசியாலேயே குழாயைச் சுத்தம் செய்கிறோம்’ என்று கிலேஷன் சிகிச்சையை விற்பவர்களிடம் போகவும் வேண்டாம். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் அதைச் சோதித்த டாக்ட்-2 ஆய்வு 2024-இல் பலனில்லை என்றே முடிந்தது.

பலன் கண்டது வேறொன்று. கிளாஸ்கோ பகுதியில் நடந்து 2018-இல் வெளியான கார்மிகா ஆய்வில், பெரிய அடைப்பில்லாத 151 பேரில், ஆஞ்சியோ மேசையிலேயே நுண்குழாய்களைச் சோதித்த முடிவுக்கேற்ப மருந்து பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் நெஞ்சுவலி குறைந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போதே ‘சின்னக் குழாய்களைப் பார்த்தீர்களா டாக்டர்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அவர் அடினோசின் கொடுத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ எழுதினால், ஆஸ்துமா இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கிரியாட்டினினும் பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் வெகுவாகக் கெட்டவர்களுக்குப் பழைய ரகக் காடோலினியத்தால் தோல் இறுகும் நோய் வந்தது 2006-இல் தெரியவந்தது. புதிய ரகங்களில் அந்த அபாயம் மிகக் குறைவு.