ரத்தத் துளியும் நம் கடமையும்

ஆட்டிஸம் என்னும் மதியிறுக்க நிலையை ஒரு துளி ரத்தத்தைக் கொண்டே கண்டறிந்துவிடலாம் என்ற பேச்சு இந்நாளில் பலமாய் எழுந்திருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பெற்றோர்க்கும் கைப்பேசி வழியே இப்பேச்சு எட்டுகிறது. இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வது பொதுஜன நன்மையில் நாட்டமுள்ளோர் அனைவருடைய கடமையாகும்.

சரீரத்திலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஓர் அடுப்பை ஒத்தது. உண்ட உணவைப் பிராணவாயுவின் துணைகொண்டு எரித்து அது சக்தியைப் பெறுகிறது. எரியும் அடுப்பினின்று பொறி பறப்பது இயல்பு. அப்பொறியை அவிக்க இயற்கை வைத்திருக்கும் நீர்க்குடமே குளுடாதையோன் என்னும் பொருள். பொறி மிகுந்து குடம் வற்றுமாயின் உயிரணு நெருக்கடிக்கு உள்ளாகிறது. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜில் ஜேம்ஸ் அம்மையாரும் அவர்தம் சகாக்களும் ஆட்டிஸமுள்ள 20 குழந்தைகளின் ரத்தத்தையும், அஃதில்லாத 33 குழந்தைகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டனர். முன்னவரிடத்தில் குளுடாதையோன் குறைந்தும், செலவழிந்துபோன அதன் உருவம் மிகுந்தும் காணப்பட்டன. பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் இதையொட்டிய முடிவுகளையே கண்டன.

இத்தகைய ஆராய்ச்சியை நாம் வரவேற்கிறோம். 1943-ல் லியோ கானர் என்ற வைத்தியர் இந்நிலையை விவரித்து எழுதிய பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கொடிய கொள்கை மேல்நாடுகளில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1977-ல் வெளிவந்த இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி, இதில் பிறவிக்கூறே பெரும்பங்கு வகிக்கிறதெனக் காட்டிற்று. பூர்வஜன்ம பாவமென்றும், பெற்றவள் குற்றமென்றும் பேசுவோர் நம்மிடையேயும் உளர். சரீர சாஸ்திரம் வளர வளர அப்பழி நீங்கும்.

ஆயினும், ஆராய்ச்சி வேறு, பரிசோதனை வேறு. பல குழந்தைகளின் சராசரியில் காணும் வேற்றுமையைக் கொண்டு ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லல் ஆகாது. ஆட்டிஸமுள்ள குழந்தை பலரின் ரத்தம் ஏனையோரின் ரத்தத்தைப் போன்றே இருக்கிறது. நீரிழிவு முதலிய வேறு பல நோய்களிலும் இவ்வடையாளங்கள் தோன்றுகின்றன. இவை காரணமோ காரியமோ என்பதும் தீர்ந்தபாடில்லை. சில உணவுகளையே உண்பேனென்று பிடிவாதம் பிடிக்கும் குழந்தையின் ரத்தம் அவ்வுணவினாலும் மாறலாமன்றோ?

நமது தேசத்திற்கு மற்றொரு விசேஷக் காரணமும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் ரத்தசோகையுற்றவர்கள். போலிக் அமிலமும் பி-12 சத்தும் குறைந்தாலே இவ்வடையாளங்களிற் சில மாறிவிடும். அமெரிக்கக் குழந்தைகளைக் கொண்டு வகுத்த அளவுகோலால் வயிறார உண்ணாத நம் குழந்தையை அளப்பது எவ்வாறு பொருந்தும்? நம் குழந்தைகளின் ரத்தத்தை நம் கல்லூரிகளே ஆராய்தல் வேண்டும். 2010-ல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி போன்றவை இப்பணிக்கு உரியவை.

இன்று ஆட்டிஸத்தை நிச்சயிக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. குழந்தையின் நடத்தையைக் கண்ணால் கண்டு, பெற்றோரைக் கேட்டு, வைத்தியர் முடிவு செய்வதே நெறி. இஃதறியாத பெற்றோரிடம் ரத்த நஞ்சை இறக்குகிறோம், மூல உயிரணுவை ஏற்றுகிறோம் என்று கூறிப் பொருள் பறிப்போர் உளர். 2005-ல் அமெரிக்காவில் இந்நஞ்சிறக்கும் சிகிச்சையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். ஆட்டிஸத்திற்கு மூல உயிரணுச் சிகிச்சை தகாதென்று நமது தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்கு வாரியம் 2022-ல் அறிவித்தது. தாலியை அடகு வைத்து ஏமாற்றத்தை விலைக்கு வாங்குவதோ?

ஓராண்டு நிறைந்த குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிடின், விரலால் எதையும் சுட்டிக் காட்டாவிடின், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் பேசாவிடின், உடனே சர்க்கார் வைத்தியரை நாடுக. இச்சோதனைக்கு ஊசியும் வேண்டா, பணமும் வேண்டா. இளமையில் தொடங்கும் பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் மிக்க பயன் தருவன. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் மாவட்டந்தோறும் இதற்கென ஒரு நிலையம் வேண்டுமென்கிறது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் ஆட்டிஸத்தை ஊனங்களில் ஒன்றாக அங்கீகரித்து உரிமை அளித்திருக்கிறது.

ஆனால் மாவட்டத்திற்கு ஒன்று போதுமா? வாரந்தோறும் பன்முறை பயிற்சி பெறவேண்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக் கிராமத்துக் கூலிக்காரி பஸ் ஏறினால் அன்றன்றைய கூலி போயிற்று. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவர் பெயர் தாங்கும் தோட்டத்தில், சென்னையில், இன்று பெரிய ஆஸ்பத்திரி ஓங்கி நிற்கிறது. அவர் பிறந்த மண்ணின் குழந்தைக்குப் பயிற்சி அதன் தாலூக்காவிலேயே கிடைக்க வேண்டாமா?

தாலூக்கா ஆஸ்பத்திரிதோறும் பயிற்சியாளர் ஒருவரை நியமிக்குமாறு ஊர்தோறும் கூட்டம் கூட்டித் தீர்மானம் செய்து சர்க்காரை வற்புறுத்துவது தொண்டர்களின் கடமை. விஞ்ஞானிகள் ரத்தத்தில் தேடட்டும்; அவர்கள் தேடல் வெல்க! அது முடியுமளவும் நம் குழந்தைகளின் பருவம் காத்திராது.