ஊதிக் காட்டு, தம்பி!

"நல்லா இழு... இன்னும் இழு... இப்ப ஊது! ஊது, ஊது, நிறுத்தாதே!"

ஆஸ்பத்திரிகளின் மூச்சுப் பரிசோதனை அறையில் கேட்கும் சத்தம் இது. மூக்கில் கிளிப், வாயில் குழாய். சக்கர நாற்காலியில் இருக்கும் பையன் குறைந்தது மூன்று தடவை ஊதவேண்டும். அவற்றில் அதிகமானதுதான் கணக்கு.

'டூஷேன்' எனப்படும் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்குகிறது. பிறவியிலேயே வருவது. 5 வயதில் மாடிப்படி ஏறத் தடுமாறுபவனுக்கு, 12 வயதையொட்டி நடையே நின்றுவிடுவதுண்டு. கால் தளர்வது பெற்றோர் கண்ணில் படும். மூச்சு குறைவது படாது. ஓடியாடுகிறவனுக்கல்லவா மூச்சு வாங்கும்? உட்கார்ந்தே இருப்பவனுக்கு ஏது இளைப்பு? அதனால்தான் அளந்து பார்க்கிறார்கள்.

அளக்கும் கருவி ஸ்பைரோமீட்டர். 1846ல் லண்டன் டாக்டர் ஜான் ஹட்சின்சன் உலகுக்குச் சொன்னது. முழு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று வெளிவருகிறது என்று பார்த்து, அதே வயதும் உயரமும் உள்ள ஆரோக்கியமான பையனோடு ஒப்பிட்டுச் சதவீதம் சொல்வார்கள்.

இதில் ஒரு சங்கடம். முதுகு வளைந்த பையனின் உயரத்தை எப்படி அளப்பது? வளைந்தபடியே அளந்தால் உயரம் குறையும். இருக்கவேண்டிய காற்றின் அளவும் குறையும். 'பையன் தேவலை' என்று கணக்கு பொய் சொல்லும்! ஆகவே இரு கைகளையும் விரிக்கச் சொல்லி, விரல் நுனிக்கு விரல் நுனி அளக்கிறார்கள். விரிக்க முடியாதவனுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. தையற்காரர் தோற்றார்!

படுக்கவைத்தும் ஊதச் சொல்வதுண்டு. உட்கார்ந்து ஊதியதைவிட வெகுவாகக் குறைந்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை தளர்ந்துவிட்டதென அர்த்தம். இருமச் சொல்லியும் அளப்பார்கள். நிமிடத்துக்கு 270 லிட்டர் வேகத்துக்குக் கீழே போனால், சளியை வெளியே தள்ளத் துணை தேவை. இல்லாவிட்டால் சாதாரண ஜலதோஷமே நிமோனியாவில் கொண்டுவிடலாம்.

மூச்சளவு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், இரவில் முகமூடி வழியாகக் காற்றுச் செலுத்தும் இயந்திரத்தைச் சிபாரிசு செய்கிறார்கள். இது பலருடைய ஆயுளை நீட்டித்திருக்கிறது. காலையில் தலைவலி, பகலில் தூக்கம் என்றாலும் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். 'படிக்கச் சொன்னால் தூங்குகிறான்' என்று பையனைத் திட்டுவது பாவம். ராத்திரி அவனுக்கு மூச்சு போதாமல் இருந்திருக்கலாம். டாக்டரைக் கேளாமல் ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கிவைப்பதும் ஆபத்து. உடலில் கரியமிலவாயு தேங்கிவிடும்.

5, 6 வயதிலிருந்து வருடம் ஒரு முறை. நடை நின்றபின் ஆறு மாதத்துக்கொரு முறை ஊதிப் பார்க்கவேண்டும். ஒரு தடவை வந்த எண்ணைவிட, போன தடவையைக் காட்டிலும் எவ்வளவு இறங்கியது என்பதே டாக்டருக்கு முக்கியம். வேலை மாற்றலாகி ஊர்விட்டு ஊர் போகிறவர்கள், சாமான் கட்டும்போது அந்தப் பழைய சீட்டுகளை முதலில் பெட்டியில் வைக்கட்டும்.