கோபுரம் நடும் முன் ஊரைக் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டப்போ, டனிடூ ஊர்களைச் சுற்றிக் கோதுமை வயல்களும் ஆட்டு மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடக்கின்றன. சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தப் பகுதியை 2021 நவம்பரில் அரசு 'சென்ட்ரல் வெஸ்ட் ஒரானா' என்ற பெயரில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மண்டலமாக அறிவித்தது. நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் மண்டலம் அது. பழைய நிலக்கரி மின்நிலையங்களுக்கு வயதாகிவிட்டது. லிடெல் நிலையம் 2023 ஏப்ரலில் நின்றே போனது. 2030-க்குள் 82 விழுக்காடு மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வழியில் வரவேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. வெயிலும் காற்றும் இடமும் கிராமத்தில் இருக்கின்றன. மின்சாரம் பெருமளவில் செலவாவது கடலோர நகரங்களில். நடுவே உயரழுத்த மின்பாதை வேண்டும்.

இதில் உள்ளூர் கவுன்சிலின் பங்கு என்ன? பெரிய காற்றாலை, சூரியமின் திட்டங்களுக்கு அனுமதி தருவது கவுன்சில் அல்ல. அவை மாநில முக்கியத்துவம் வாய்ந்தவை என்று வகைப்படுத்தப்படுவதால், முடிவு மாநில அரசிடமோ சுயேச்சைத் திட்டமிடல் ஆணையத்திடமோ போய்விடுகிறது. கவுன்சில் கருத்து சொல்லலாம், ஆட்சேபம் தெரிவிக்கலாம், தடுக்க முடியாது. ஆகவேதான் கிராமப்புறக் கவுன்சில்கள் தங்கள் எதிர்பார்ப்புகளை முன்கூட்டியே எழுதி வைக்கின்றன.

அவற்றில் முதன்மையானது, எல்லாத் திட்டங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்பது. ஒவ்வொரு நிறுவனமும் தன் அறிக்கையில் தன் பாதிப்பை மட்டுமே சொல்கிறது. தனியாகப் பார்த்தால் அது சிறியதாகத்தான் தெரியும். பல திட்டங்கள் ஒரே ஆண்டில் வேலை தொடங்கினால் நிலைமை வேறு. கட்டுமானத் தொழிலாளர்கள் வந்து குவிய, வாடகை ஏறுகிறது. ஊர் மருத்துவமனைக்கு வரவேண்டிய செவிலியருக்கு வீடு கிடைப்பதில்லை. காற்றாலை இறக்கை ஒன்றே எழுபது, எண்பது மீட்டர் நீளம். அதைச் சுமந்து வரும் லாரிகள் கவுன்சிலின் சரளைச் சாலைகளில்தான் ஓடவேண்டும். புழுதியடக்கத் தண்ணீர் வேண்டும். சூரியத் தகடுகள் வந்திறங்கும் அட்டைப் பெட்டிகளும் மரச்சட்டங்களும் ஊரின் சிறிய குப்பைக்கிடங்கை நிரப்பிவிடும். இந்தச் செலவுகளை அங்குள்ள சில ஆயிரம் வரிதாரர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

அடுத்தது பணம். 2024 நவம்பரில் வந்த மாநில வழிகாட்டுதலின்படி, சமூகப் பலனுக்காக ஆண்டுதோறும் காற்றாலை மெகாவாட்டுக்கு 1,050 டாலரும், சூரியமின் திட்டம் 850 டாலரும் தரவேண்டும். 100 மெகாவாட் காற்றாலை என்றால் ஆண்டுக்கு 1,05,000 டாலர். இந்தப் பணம் விளம்பரப் பலகை வைத்த சின்னச் சின்ன நன்கொடைகளாகச் சிதறாமல், ஊருக்கு நெடுங்காலம் உதவும் வேலைகளுக்குப் போகவேண்டும் என்கின்றன கவுன்சில்கள். மின்பாதைக்கு நிலம் தரும் உரிமையாளருக்குத் தனித் திட்டம் உண்டு: கிலோமீட்டருக்கு 2,00,000 டாலர், 20 ஆண்டுத் தவணைகளாக. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து தினமும் அதே கோபுரத்தைப் பார்க்கும் அண்டை விவசாயிக்கு அதில் பங்கில்லை. ஊருக்குள் மனக்கசப்பு வளர்வது இந்த இடத்தில்தான்.

காற்றாலையின் ஆயுள் முடிந்ததும் அதைப் பிரித்து அகற்றும் செலவுக்கு முன்வைப்புத் தொகை வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கை. நிறுவனம் கைமாறலாம், கலைந்தும் போகலாம். நிலம் அங்கேயே இருக்கும்.

எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறுவதில்லை. வாகா வாகா, பன்னபி, மராகல் ஆகிய இடங்களை இணைக்கும் ஹியூம்லிங்க் மின்பாதை சுமார் 365 கிலோமீட்டர், 500 கிலோவோல்ட். அது போகும் மலைப்பகுதிகள் 2019-20 கோடைக்காலக் காட்டுத்தீயில் கருகியவை. கம்பிகள் குறுக்கே இருந்தால் தீயணைப்பு விமானங்கள் தாழப் பறக்க முடியாது என்று அஞ்சிய மக்கள், பாதையைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னார்கள். அதற்குச் செலவும் காலமும் மிக அதிகம் என்றது மின்பாதை அமைக்கும் தரப்பு. மாநில மேலவை விசாரணைகூட நடத்தியது. 2024 இறுதியில் ஒப்புதல் கிடைத்தது தரைமேல் கோபுரங்களுக்கே.

வேண்டாம் என்பதைவிட, பாதைக்கு வரைபடத்தில் கோடு போடும் முன்பே தங்களைக் கேட்கவேண்டும் என்பதே பெரும்பாலான கவுன்சில்களின் குரல். மத்திய அரசுக்காக ஆண்ட்ரூ டயர் நடத்திய ஆய்வின் அறிக்கை 2024 பிப்ரவரியில் வெளியானது. திட்ட நிறுவனங்கள் உள்ளூர் மக்களோடு கலந்து பேசிய விதம் போதாது என்று அதில் பதிலளித்தவர்களில் 92 விழுக்காட்டினர் சொல்லியிருந்தார்கள்.