தசைக்குள் விழும் தழும்பு

மஹய்யாவ மேட்டில் எமது அயலவரான பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆயினும், "அப்பா, நீங்கள் பேசாமல் இருங்கள், கடைக்குத் தம்பி போவான்" என்று மகள் அன்போடு தடுத்துவிட்டாள். இரண்டு மாதத்தில் அவருடைய கெண்டைக்கால் குச்சியாயிற்று. "வயதல்லவா!" என்றனர் யாவரும். வயது தசைக்குள் புகுந்து செய்யும் வேலைதான் யாது?

தசைநாரின் மேலுறையோடு ஒட்டி நுண்ணிய கலங்கள் சில உறங்கிக் கிடக்கின்றன. 1961ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் அலெக்சாண்டர் மௌரோ என்பார் தவளையின் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து இவற்றை விவரித்தார். துணைக்கோட் கலங்கள் என்பது இவற்றின் பெயர். தசை கிழிந்தால் இவை விழித்தெழுந்து பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதிய நாராகும்.

இவற்றின் அயலில் வேறொரு வகைக் கலமும் உண்டு. 2010இல் இரு ஆய்வுக் குழுவினர் இதனை இனங்கண்டனர். காயம்பட்டதும் இது பெருகித் துணைக்கோட் கலங்களை ஊக்குவிக்கும். பின்னர் பெரும்பகுதி மடிந்துபோகும். கட்டடம் எழுந்தபின் சாரத்தைக் கழற்றுவது போலத்தான். முதுமையிலோ இவ்வொழுங்கு குலைகிறது. ஊக்குவிக்கும் பணி குன்ற, கொலாஜன் எனும் புரத இழை மிகுதியாய்ப் படிகிறது. போதாக்குறைக்கு, துணைக்கோட் கலங்களுட் சிலவும் தம் தொழிலை மறந்து இழை நெய்யத் தலைப்படுவதை 2007இல் முதிய சுண்டெலிகளில் கண்டனர். தசையிருக்க வேண்டிய இடத்தில் தழும்பு. தழும்போ சுருங்கி விரிய அறியாது.

அப்படியாயின் கிழக்கலங்கள் கெட்டே போயினவா? 2005இல் முதிய எலியையும் இளைய எலியையும் ஒரே குருதி ஓடுமாறு இணைத்துப் பார்த்தனர். முதிய எலியின் தசை மீண்டும் நன்கு புதுப்பிக்கப்பட்டது! கலத்தில் ஆற்றல் எஞ்சியிருந்தது. சூழலே அதனை முடக்கியிருந்தது.

குருதி மாற்றும் வித்தை நமக்கு வேண்டுவதில்லை. 1990இல் பொஸ்டன் நகரில், சராசரி 90 வயதினரான பத்து முதியோருக்கு எட்டு வாரம் கால்களாற் பளு தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இறுதிவரை நின்ற ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரி 174 சதவீதம் உயர்ந்தது. நரம்புகள் மீண்டும் பழகியதற்கும் இதிற் பங்குண்டு எனலாம். எனினும் அளந்து பார்த்தவர்களிடம் தொடைத் தசையும் ஏறத்தாழ 9 சதவீதம் பருத்திருந்தது.

இதை நான் சொல்லக் கேட்ட மகள் வைத்தியரிடம் அழைத்துப் போனாள். நாற்காலியைப் பற்றாமல் எழுந்து அமரும் பயிற்சியில் தொடங்கினார் பெரியவர். இப்போது ஞாயிறு தோறும் பத்திரிகை வாங்க அவரே மேட்டிறங்கிப் போகிறார். ஏறும்போது மட்டும் இருமுறை நின்று, யாருடனாவது பேசுவதுபோற் பாவனை செய்கிறார்.