பித்தளையின் பரம வைரி

அடுப்பங்கரைச் சொம்புக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. இரண்டும் பித்தளை. இரண்டையும் துலக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே. இரண்டுக்கும் வைரியும் ஒருவனே!

கிருஷ்ணகிரி மாவட்டத்திலே மத்தூர் என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்தில் புளிய மரத்துக்குப் பஞ்சமில்லை. பித்தளை துலக்கப் புளிக்கும் பஞ்சமில்லை. மத்தூரை அடுத்திருப்பது போச்சம்பள்ளி. அங்கேதான் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 7-வது பட்டாலியன் இருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சி முடிந்ததும் தரையில் சிதறிய வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணி, கணக்கு ஒப்பிப்பது போலீஸ் வழக்கம். வெறும் கூட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

தோட்டாவில் பறந்து போவது நுனியிலுள்ள குண்டு மட்டுமே. பித்தளைக் கூடு பின்தங்கிவிடும். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம் அது. மருந்து வெடிக்கும் கணத்தில் கூடு சற்றே விரிந்து, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டு, புகை பின்னால் வராமல் தடுக்கும். மறுகணம் கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும். அதனால் அதில் மறுபடியும் மருந்தும் குண்டும் வைக்கலாம். அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள் பலர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். நம் நாட்டில் அப்படி முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அவர்கள் கூட்டைத் துலக்கும் விதத்தைக் கேளுங்கள். வெந்நீரில் கொஞ்சம் சோப்பு, சிறிதளவு சிட்ரிக் அமிலம். சில நிமிஷம் ஊறியதும் நன்றாக அலசி உலர்த்துகிறார்கள். பிறகு மக்காச்சோளக் கதிரின் சக்கைத் தூளோடு ஒரு பீப்பாயில் போட்டு உருட்டுகிறார்கள். கூடு பொன்னாக மின்னுகிறது.

சிட்ரிக் அமிலம் என்பது வேறொன்றுமில்லை, எலுமிச்சம் பழத்தின் புளிப்புத்தான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். இரண்டும் சாது. மேலே படிந்த கறுப்பைக் கரைக்கும். உள்ளே இருக்கும் உலோகத்தை அவ்வளவாகத் தொடாது. ஆனால் சாதுவையும் அளவோடுதான் சோதிக்க வேண்டும். இரவு முழுவதும் புளியில் ஊறிய சொம்பு காலையில் சிவந்து காட்சி தருவதுண்டு அல்லவா? மேற்பரப்பிலிருந்த துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மிஞ்சியதன் அடையாளம் அது.

சரி, வைரி யார்? அமோனியா!

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியப் பட்டாளத்துக்கு ஒரு விசித்திரமான தொல்லை ஏற்பட்டது. மழைக் காலத்தில் தோட்டாக்களைப் பத்திரமாக வைத்திருந்து, மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால், ஒருவரும் தொடாத கூடுகள் தாமாகவே விரிசல் கண்டிருந்தன. பருவம் தவறாமல் வந்ததால் இதற்கு 'ஸீஸன் கிராக்கிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1921-ல் மர்மத்தை விளக்கினார்கள். தோட்டாக்களை வைத்திருந்த இடம் குதிரை லாயம்! குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கிறது.

அமோனியா மட்டும் குற்றவாளி அல்ல. கூட்டை அழுத்தி இழுத்துச் செய்யும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. அந்த இறுக்கமுள்ள இடத்தில்தான் அமோனியா புகுந்து விரிசலை உண்டாக்குகிறது. செய்து முடித்த கூட்டை மிதமாகச் சூடுபடுத்தினால் இறுக்கம் தளரும் என்று கண்டு, பரிகாரமும் செய்தார்கள். இன்றைக்கும் தோட்டாக் கூடு துலக்குகிறவர்கள் அமோனியா கலந்த பாலிஷைக் கிட்டே சேர்ப்பதில்லை.

இதில் உங்களுக்கு என்ன பாடம்? உங்கள் வீட்டுத் தவலையும் குடமும் தகட்டை அடித்தோ அழுத்தியோ செய்தவை. அவற்றுக்குள்ளும் அந்த இறுக்கம் இருக்கக்கூடும். ஆகவே பித்தளைச் சாமான்களை மாட்டுக் கொட்டகையிலோ, யூரியா மூட்டைக்குப் பக்கத்திலோ போட்டு வைக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும், உலோகப் பாலிஷ் சிலவற்றிலும் அமோனியா உண்டு. மூக்கைத் துளைக்கும் காரமான நெடி வந்தால் சந்தேகப்படுங்கள். புளியோ எலுமிச்சையோ போதும். சில நிமிஷம் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

இன்னும் ஒரு வார்த்தை. தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டு வந்த வெற்றுக் கூடு ஏதேனும் அலமாரியில் அலங்காரமாக இருந்தால், அதைச் சமையல் பாத்திரங்களோடு சேர்த்துத் துலக்காதீர்கள். சுட்ட கூட்டின் கரியில் ஈயம் கலந்திருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம். பழைய பெட்டியில் குண்டு கழலாத தோட்டா கிடைத்தாலோ, தொடவே தொடாதீர்கள். அதைத் துலக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புங்கள்!