அண்டை நாடுகளும் நமது மழையும்

வங்காள விரிகுடாவில் உண்டாகும் புயலும், அதைச் சூழ்ந்த தேசங்களில் பெய்யும் பருவமழையும் எந்த ஒரு ராஜ்யத்துக்கும் உரிய தனிச்சொத்தல்ல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சை ஜில்லாவின் சம்பா வயல்களை நனைக்கும் வடகிழக்குப் பருவக்காற்றே இலங்கையில் பெரும்போக நெல்லுக்கும் நீர் அளிக்கிறது. கடல் நீரின் வெப்பம் ஏறிக்கொண்டு வருவதாலும், பல நாட்களில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாட்களில் கொட்டிவிடுவது அதிகரித்து வருவதாலும், அண்டை நாடுகள் ஒன்று கூடி யோசிப்பது மந்திரிமார்களுக்கு மட்டும் உரிய விஷயமாக இருந்த காலம் சென்றுவிட்டது.

2010-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இவ்விஷயமாக இரண்டு கூட்டங்கள் நடைபெற்றன. ஒன்று பூடான் தேசத்தின் தலைநகராகிய திம்புவில், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ‘சார்க்’ மாநாடு. எட்டு நாடுகளின் தலைவர்களும் பிரதிநிதிகளும் கூடி, சீதோஷ்ண நிலை மாற்றத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஐந்து வருஷங்களில் ஒரு கோடி மரங்கள் நடுவதும் அதில் ஓர் அம்சம். அதே மாதத்தில் புனா நகரில் கூடியது வானிலை நிபுணர்களின் கூட்டம். இதில் ஆடம்பரம் ஏதும் இல்லை; பத்திரிகைகளும் இதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

திம்புவில் கூடிய தலைவர்களின் மாநாடு 2014-ல் காட்மாண்டுவில் கூடியது. 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்தது, நாடுகளுக்குள் ஏற்பட்ட மனத்தாங்கலால் கைவிடப்பட்டது. புனாவில் தொடங்கிய நிபுணர் கூட்டமோ வருஷந்தோறும் நடந்து வந்திருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், நேபாளம், பூடான், இலங்கை, மாலத்தீவு, பர்மா எனப்பட்ட மியன்மார், ஆப்கானிஸ்தானம் ஆகிய ஒன்பது நாடுகளும் இதில் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவமழையைப் பற்றி ஏப்ரல் மாத இறுதியிலும், வடகிழக்குப் பருவமழையைப் பற்றிச் செப்டம்பர் மாத இறுதியிலும் இவர்கள் ஒருமனதாக முன்னறிக்கை தயாரிக்கிறார்கள்.

இம்முன்னறிக்கையைப் படிக்கும் முறையைக் கிராம அதிகாரிகள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். பழைய வருஷங்களின் மழைக் கணக்கை மிகுதி, சாதாரணம், குறைவு என மூன்று சம பங்குகளாக வகுக்கிறார்கள். வேறு தகவல் ஏதும் இல்லாவிடில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 33 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு பிரதேசத்தில் ‘மிகுதிக்கு 50 சதவீதம்’ என்று கண்டிருந்தால், மழை ஒன்றரைப் பங்காகப் பெய்யும் என்று அர்த்தமல்ல. இத்தகைய பத்து வருஷங்களில் ஐந்தில் மழை மிகுதியாகும், மற்ற ஐந்தில் ஆகாது என்பதே பொருள். இதை அறியாமல் ஒரு வருஷம் மழை தப்பியவுடன் முன்னறிக்கையே பொய் என்று தள்ளிவிடுவோர் அநேகர். மேலும், இது பெரும் பிரதேசத்துக்குச் சொல்லப்படுவது. ஒரு தனிக் கிராமத்தின் மழையை இது சொல்லாது.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ‘எல் நினோ’ என்னும் நிலையை எல்லா நாட்டாரும் சேர்ந்து கவனிக்கிறார்கள். ஆனால் அதன் பலன் எல்லோருக்கும் ஒன்றல்ல. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கோடைக்குப் பின் வரும் மழையைக் குறைக்கக்கூடிய அதே எல் நினோ, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஐப்பசி மழையைப் பெரும்பாலும் மிகுதிப்படுத்துகிறது. சென்னையை வெள்ளம் சூழ்ந்த 2015-ம் வருஷம் எல் நினோ வருஷமே.

நிற்க. புயல் விஷயத்தில் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு இதனினும் பழமையானது. 1970-ம் வருஷம் நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் மாண்டவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையார் என்று மதிப்பிடப்படுகிறது. அதன்பின் 1972-ல், உலக வானிலை ஸ்தாபனத்தின் ஆதரவில் இப்பகுதிக்கெனப் புயல் குழு ஒன்று அமைக்கப்பட்டது. முந்தின வருஷம் போர் புரிந்த இந்தியாவும் பாகிஸ்தானும் இதில் ஒன்றாய் அமர்ந்தன. இன்று 13 நாடுகள் அங்கம் வகிக்கின்றன. புயல்களுக்கு இடும் பெயர்களும் இந்நாடுகள் முறைவைத்துக் கொடுப்பவையே. 2020-ல் வெளியான பட்டியலில் நாட்டுக்குப் பதின்மூன்றாக 169 பெயர்கள் உள்ளன. 2013-ல் ஒரு புயலுக்கு இலங்கை கொடுத்திருந்த பெயர் மகாசேனன். மின்னேரிக் குளத்தைக் கட்டிய அரசனின் பெயரை அழிவு செய்யும் காற்றுக்கு இடுவதா என்று அந்நாட்டில் ஆட்சேபம் எழவே, பெயர் வாபஸ் வாங்கப்பட்டது. ஏரி வெட்டியவனிடம் குடிகளுக்குள்ள மதிப்பு அத்தகையது!

2018-ல் வந்த ‘கஜா’வும் இலங்கை தந்த பெயர்தான். இதன் மூலம் தாய்லாந்து வளைகுடாவில் நவம்பர் முதல் வாரத்தில் தோன்றிய குறைந்த காற்றழுத்தம். அது நிலத்தைக் கடந்து அந்தமான் கடலில் இறங்கி, வலுத்து, 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. பல நாட்கள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்தமையால் ஆயிரக்கணக்கானோர் பத்திரமான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மனிதரைப் பெயர்த்துக் கொண்டுபோகலாம். தென்னையைப் பெயர்க்க முடியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் தோப்புத் தோப்பாக மரங்கள் சாய்ந்தன. நெட்டைத் தென்னங்கன்று நட்டுப் பலன் காண ஆறு, ஏழு வருஷமாகும். எச்சரிக்கை உயிரைக் காத்ததேயன்றி ஜீவனத்தைக் காக்கவில்லை.

பருவமழை முன்னறிக்கையிலும் இதற்கொப்பான குறை ஒன்று உண்டு. செப்டம்பர் இறுதியில் அது வெளியாகும்போது சம்பாவுக்கு நாற்று விட்டாகிவிடுகிறது. நீண்ட வயதுள்ள ரகமா, குறுகிய வயதுள்ள ரகமா என்று தேர்ந்தெடுக்கும் காலம் தாண்டிவிடுகிறது. தாளடி பயிரிடுவோருக்கும், ராமநாதபுரம் சீமையில் புழுதி விதைப்புச் செய்வோரில் பின்தங்கியவர்களுக்கும் அது உதவலாம். ஒன்பது நாட்டு நிபுணர்களும் ஆடி மாதத்திலேயே ஓர் உத்தேச அறிக்கை வெளியிடுவார்களாயின், அதன் நிச்சயம் சற்றுக் குறைவாக இருப்பினும், விதை வாங்கப் புறப்படும் மிராசுதாரர் கையில் அது இருக்கும்.